எட்டாவது கிளைக்கு அப்பால்

ஆகஸ்ட் 9

அண்ணா,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த "ம்" எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

நேராகவே கேட்கிறேன். லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று காலையில், நான் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில், அப்பாவிடம் என்ன சொல்லித் தொலைத்தாய்?

நீ போன மறுநாளிலிருந்து அவர் மூச்சுப் பயிற்சி செய்வதில்லை. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி இருக்கிறதே, வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுமே, அதைக் கழுவித் துடைத்து, வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து, பிசியோதெரபிக்காரர் முதுகில் தட்டச் சளி எடுத்துக்கொண்டிருந்தார் அல்லவா, அதற்கும் வருவதில்லை. "அந்த ஆளுக்குத் தட்டுறதுக்கு வேற முதுகு கிடைக்கும், என்னை விட்டுடு" என்கிறார்.

கத்திச் சொன்னால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொல்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், சாப்பாட்டுத் தட்டு ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் வீட்டை இரண்டாக்குகிறவர், நேற்று டீ ஆறிப்போய் இருந்தது, "பரவாயில்லம்மா" என்று குடித்து வைத்தார். அம்மா இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

விடாமல் நச்சரித்தேன். கடைசியில் சொன்னார். "வாத்தியார் கணக்குப் போட்டுச் சொல்லிட்டான் பாப்பா. வர்ற குளிர் முடியிற வரைக்கும்தான். அதுக்கு மேல வண்டி ஓடாது. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் நீ கணக்கில் நூறு வாங்கியபோது கேலியாக வைத்த பெயர் அது. இப்போது அந்தப் பெயரை நம்பிக் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

ஸ்கேன் படங்களை உன்னிடம் கொடுத்தவள் நான்தான். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள் சொந்த அப்பாவின் படத்தைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது, தெரிந்தேதான் கொடுத்தேன். கிளைகளையும் வடிவங்களையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறவன், எனக்குத் தைரியமாக நாலு வார்த்தை சொல்லுவாய் என்று நினைத்தேன். அவருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று நினைக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

வாலு


ஆகஸ்ட் 22

வாலு,

நானாகப் போய் அவரிடம் எதையும் சொல்லவில்லை. அவர் கேட்டார்.

பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னே சொல்றாங்க. நான் என்ன சின்னப் புள்ளையா? நீ நாலு நாளா அந்தப் படத்தை நோண்டிக்கிட்டு இருக்கே. என்னமோ கண்டுபிடிச்சிருக்கே, உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சொல்லுடா." என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உடனே சொல்லிவிடவும் இல்லை. முதலில் கம்ப்யூட்டரில் என் பிழைப்பைக் காட்டினேன். ஃபிராக்டல் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ கொட்டாவி விடுவாயே, அதேதான். ஒரு வரிக் கணக்கு. அதிலிருந்து ஒரு வடிவம். அதன் ஓரத்தைப் பெரிதாக்கினால் அங்கே சின்னதாக இன்னொன்று, அதன் ஓரத்தில் இன்னொன்று. காலிஃபிளவரில் ஒரு துண்டை ஒடித்தால் அது முழுப் பூவைப் போலவே இருக்கும் இல்லையா, அதைப் போல, ஆனால் ஒடித்துத் தீராது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது எங்கடா முடியுது?" என்றார். "முடியாதுப்பா" என்றேன். "முடியாத ரூட்ல எவன்டா வண்டி ஓட்டுவான்?" என்று கேட்டுவிட்டு, இன்னும் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் என் வேலையை அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

அப்புறம் அவருடைய படத்தைத் திறந்தேன். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. இப்படி இருபதுக்கு மேற்பட்ட தடவை பிரிந்து பிரிந்து, கடைசியில் காற்றுப் பைகள் கோடிக்கணக்கில். அத்தனையையும் பிரித்து விரித்தால் டென்னிஸ் மைதானத்தில் பாதியை மூடிவிடலாம். அவ்வளவும் அந்த ஒல்லி நெஞ்சுக்குள் மடிந்து கிடக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது வாலு. என் திரையில் நான் வரைவதை இயற்கை நம் அப்பாவுக்குள் வரைந்து வைத்திருக்கிறது.

கணக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். உன் படங்களில் எட்டாவது தடவை பிரியும் கிளைவரை எண்ண முடிந்தது. மூன்று வருஷத்துப் படங்கள். எது திறந்திருக்கிறது, எது அடைந்துவிட்டது என்று குறித்தேன். எட்டாவதுக்கு அப்பால் படத்தில் தெரியாது. ஆனால் மேலே உள்ள விதியே கீழேயும் என்று வைத்துக் கடைசிப் பைவரை கொண்டுபோனேன். அடைபட்ட கிளைக்குக் கீழே இருப்பதெல்லாம் போனதாகக் கொள்ள வேண்டும். மிச்சம் எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு குறைகிறது, அவ்வளவுதான். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

சொன்னதும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இதைச் சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை. நீ சொன்னே பாரு" என்றார். நான் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் போனேன். அதையும் தெரிந்துகொள்.

அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணா,

நீ பஸ்ஸில் அழுதாய். நான் அழ நேரமில்லாமல் இருக்கிறேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, உட்கார வைத்து, ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழுவி மாட்டி, ஓடிப்போய் எட்டு மணி டியூட்டியில் நின்றால், நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

அப்பாவின் புதுப் பழக்கங்களைக் கேள். பற்பசை வாங்கப் போனேன். "பெரிசு எதுக்கு, சின்னது வாங்கு" என்றார். குளிருக்குப் போடும் நல்ல கோட்டை எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனுஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முழிக்கிறார், போட்டுக்கொள்வதா திருப்பித் தருவதா என்று. பல்லில் ஒன்று ஆடுகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால், "அதுவும் நானும் சேர்ந்தே போயிடுவோம்" என்கிறார். சிரிக்க வேண்டுமா நான்?

"ஏன்ப்பா இப்படி?" என்று கேட்டேன். "பஸ் எப்ப வரும்னு தெரியாம நிக்கிறவனுக்குத்தான் பாப்பா பதட்டம். நேரம் தெரிஞ்சவன் பெஞ்சுல சாஞ்சு உக்காந்துக்குவான்" என்றார். சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சில் சளி கட்டிக் கரகரவென்று சத்தம் வருகிறது, அடுப்படியில் நிற்கிற எனக்குக் கேட்கிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் நுரையீரல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். படத்தை வெளியே கொடுத்ததற்கு முதலில் எனக்கு நல்ல டோஸ் விழுந்தது. அப்புறம் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். "உங்க அண்ணன் அழகாத்தான் போட்டிருக்காரு. ஆனா எட்டாவது கிளைக்கு அப்பால என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாதும்மா. உங்க அப்பாவோட வியாதி குடியிருக்கிறதே அங்கதான். படத்துல தெரியாததை நாங்க தெரியலைன்னுதான் எழுதுவோம். அவரு எழுதிட்டாரு" என்றார்.

எனக்கு உன் அளவு படிப்பில்லை. ஆனால் தினமும் அந்தப் படங்களோடு புழங்குகிறவள். பெரிதாக்கு, பெரிதாக்கு என்றால் உன் திரையில் புதுசு புதுசாக வரும். எங்கள் திரையில் ஒரு கட்டத்துக்கு மேல் பெரிதாக்கினால் சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். அதற்குள் ஒன்றுமில்லை.

கணக்கு தப்பு என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டார். டாக்டரம்மா சொல்லிப் பார்த்துவிட்டார், "அவங்களும் நல்லவங்கதான், ஆறுதலுக்குச் சொல்றாங்க" என்கிறார். வாத்தியார் கைப்பட எழுதினால்தான் எடுபடும்.

வாலு


செப்டம்பர் 19

வாலு,

ஒரு கணக்கு தப்பு என்றால் எந்த வரியில் தப்பு என்று காட்ட வேண்டும். டாக்டரம்மா அதைக் காட்டவில்லை. தெரியாது என்கிறார். அவருக்குத் தெரியாது என்பதால் யாருக்கும் தெரியாது என்று ஆகிவிடுமா? கண்ணுக்குத் தெரியாததை யோசித்துத் தெரிந்துகொள்ளத்தானே கணக்கு இருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். அதே விடை.

நீ என்னைப் பொய் எழுதச் சொல்கிறாய். அப்பா என்னை மதிக்கிறார் என்றால் அது நான் அவரிடம் பொய் சொல்லாததால்தான். அதையும் போக்கிக்கொள்ளச் சொல்கிறாய். எழுதினால் மட்டும் நம்பிவிடுவாரா? பாப்பா அழுதிருப்பாள், பையன் இரக்கப்பட்டு எழுதிவிட்டான் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நம் இரண்டு பேர் பேச்சையும் நம்ப மாட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபப்படாதே. அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அவர் நிம்மதியாக இருந்து நாம் எப்போது பார்த்தோம்? அந்த நிம்மதியைப் பிடுங்கிவிட்டு அதற்குப் பதிலாக என்ன கையில் கொடுக்கப்போகிறோம்?

இங்கே நானும் ஒன்றும் சுகமாக வாழவில்லை. டிசம்பரில் என் வேலையைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாது. துறைத் தலைவர் வாரம் ஒருமுறை கட்டுரை எங்கே, கட்டுரை எங்கே என்று கதவைத் தட்டுகிறார். அறைக்கு வந்தால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே விழுந்துவிடுகிறேன். அதைச் சொல்லி உன்னிடம் அனுதாபம் கேட்கவில்லை. அங்கே இருக்கிறாய் என்பதால் உனக்கு மட்டும்தான் அப்பா என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணன்


அக்டோபர் 12

அண்ணா,

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்திருப்பாய். முழு விவரத்தை எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

போன வாரம் காய்ச்சலில் ஆரம்பித்தது. நான் டியூட்டியிலிருந்து திரும்பியபோது நாற்காலியில் இருந்தார், உதடு நீலமாக. ஆம்புலன்ஸில் மாஸ்க் போடப் போனார்கள், தட்டிவிட்டார். "இதுவும் கணக்குல வர்றதுதானே, விடுங்க" என்றார். அந்த டிரைவர் பாவம், என்ன கணக்கு என்று என்னைக் கேட்கிறார். என் அண்ணன் போட்ட கணக்கு என்று சொல்லவா? நீ எதிரில் இருந்திருந்தால் உன்னை அறைந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபின் வேண்டாம் என்று சொல்லவும் மூச்சு இல்லை. டாக்டரம்மா குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். இடது பக்கம் கீழே, ஒரு கிளையில், பிசின் மாதிரி இறுகிப்போன சளி. இழுத்து எடுத்து என்னிடம் காட்டினார். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். என் மேஜைக்குத்தான் வந்தது. வேறு ஆளைப் போடுகிறோம் என்று சொன்னார்கள், நானே எடுத்தேன். "மூச்சை இழுங்கப்பா, பிடிங்க" என்று மைக்கில் சொன்னேன். பிடித்தார்.

அண்ணா, நீ செத்துப்போனதாகக் கணக்கில் தள்ளிய இடது பக்கக் கீழ்ப் பகுதி இருக்கிறதே, அதில் காற்று இருக்கிறது. முழுசாக இல்லை. ஆனால் இருக்கிறது. உடனே டாக்டரம்மாவை வரச் சொன்னேன். அவர் நீ கணக்குப் போட்ட பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அடைப்புக்குக் கீழே அப்போதே சில இடங்களில் காற்று இருந்திருக்கிறது. "வாசல் அடைச்சுக்கிட்டாலும் பக்கத்துப் பையிலிருந்து சின்னச் சின்ன ஓட்டை வழியா காற்று கசிஞ்சு வரும்மா. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா சாப்பாடு கொடுக்கிற மாதிரி. எவ்வளவு வரும், எத்தனை நாள் வரும்னு எங்களால சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும்" என்றார்.

எந்த வரியில் தப்பு என்று கேட்டாயே. இதோ.

அப்பாவிடம் சொன்னேன். "இது நடுவுல ஒரு ஸ்டாப் பாப்பா. கடைசி ஸ்டாப் மாறலையே" என்கிறார். இன்னமும் கருவியைத் தொடவில்லை. மாஸ்க்கை நான் இருக்கும்வரை போட்டுக்கொள்கிறார், நான் கதவைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். மறுபடி சளி கட்டினால் இந்தத் தடவை மாதிரி இருக்காது என்று டாக்டரம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார்.

எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. நீயே முடிவு செய்.

வாலு


அக்டோபர் 22

வாலு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

நான் போடும் மரங்களில் ஒரு கிளை இன்னொரு கிளையைத் தொடாது. ஒரு முறை பிரிந்தால் பிரிந்ததுதான். அப்படித்தான் விதி எழுதுவேன், அப்போதுதான் கணக்குச் சுலபம். இருபது வருஷமாக அப்படியே போட்டுப் போட்டு, உண்மையான மரத்திலும் கிளைகள் தொடாது என்று நம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் என்று ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்த மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினாலும் இருந்திருக்கும். புரட்டவில்லை. படம் கையில் இருக்கிறது, விதி கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற திமிர்.

என் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக வருவதற்குக் காரணம், அந்த விதியை எழுதியவன் நான். உன் திரையில் சதுரம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், எனக்குத் தெரிந்த அழகை அந்தச் சதுரங்களுக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டேன். அழகாக இருந்ததால் உண்மை என்று நினைத்தேன்.

ஜன்னல்களைச் சேர்த்துப் புதுக் கணக்குப் போட உட்கார்ந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் எத்தனை என்று ஒரு எண் போட வேண்டும். போட எண் இல்லை. கொஞ்சம் கூட்டினால் நாலு வருஷம் வருகிறது, கொஞ்சம் குறைத்தால் இந்த மாதம் வருகிறது. நானே விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். மூடி வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு எழுதியதைக் கீழே வைத்திருக்கிறேன். நீயே படித்துக் காட்டு. அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

*அப்பா,*

*நான் சொன்ன கணக்கு தப்பு. பாப்பா அழுததற்காகச் சொல்லவில்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். அடைத்த கிளைக்குக் கீழே எல்லாம் போய்விட்டது என்று போட்டேன், போகவில்லை. அங்கே காற்று இருப்பதைப் பாப்பா படத்தில் கண்ணால் பார்த்திருக்கிறாள்.*

*அப்படியானால் சரியான விடை என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. குளிர் வருவதற்கு முன்பே போகலாம். இன்னும் பல குளிர் பார்க்கவும் பார்க்கலாம். உங்களிடம் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தது.*

*பயிற்சி செய்தால் நிறைய நாள் இருப்பீர்கள் என்றும் எழுத முடியவில்லை. செய்தால் அன்றைக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும் என்கிறார்கள். என்னைத் திட்டுங்கள், ஆனால் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.*

*உங்கள் மகன்*

அவ்வளவுதான் வாலு. அவர் என்ன சொன்னார் என்று எழுது. என்னவாக இருந்தாலும்.

அண்ணன்


நவம்பர் 4

அண்ணா,

கடிதம் வந்த அன்று அவரை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். ஜன்னலோரம் உட்கார வைத்துப் படித்தேன்.

முதலில், "திரும்பப் படி" என்றார். படித்தேன். "தெரியாதாமா?" என்றார். "ஆமாப்பா." "இவ்வளவு படிச்சும்?" "ஆமாப்பா." அப்புறம் வந்ததே கோபம்! "கோட்டை வேற குடுத்துத் தொலைச்சிட்டேனே! படிச்சுப் படிச்சு மூளை கெட்டுப் போச்சு அவனுக்கு. தெரியலைன்னா தெரியலைன்னு அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு? பெரிய வாத்தியாரு!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, இருமி, மறுபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். நான் அப்படியே நின்று கேட்டேன். காதில் தேன் ஊற்றின மாதிரி இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டி ஓய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "பாப்பா, அப்போ எப்பன்னே தெரியாதா? இன்னிக்கேகூட இருக்கலாமா?" என்றார். "இருக்கலாம்ப்பா. இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். அழுதார் அண்ணா. அம்மா போனபோதுகூட நம் எதிரில் அழாதவர். "பயமா இருக்கும்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. நிம்மதியைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுக்கப்போகிறோம் என்று கேட்டாயே, பயத்தைத்தான் கொடுத்திருக்கிறோம். பயந்தவர் மாஸ்க்கை எடுத்து அவராகவே மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் அலமாரியைக் கை காட்டினார், கருவியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பந்து ஏறியது. பாதி.

இப்போது தினமும் செய்கிறார். நடுநடுவே உன்னைத் திட்டுகிறார். தையல்காரர் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், கையைக் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கிறார். அதற்கும் ஒரு சண்டை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். உன் கணக்கை நம்பியவர் அப்பா மட்டும் இல்லை. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, உள்ளுக்குள் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர் முடிந்ததும் ஒரு மாதம் தூங்க வேண்டும். குளிர் முடிந்ததும் பல் டாக்டரிடம் போக வேண்டும், எனக்கும் ஒரு பல் ஆடுகிறது. காலையில் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று மனசு தானாகச் சொல்லும். எந்த மகளுடைய மனசு அப்படிச் சொல்லும் என்று பார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டும்போது, தெரியாது, தெரியாது என்று என் வாயாலேயே படிக்கும்போது, நான் பிடித்துக்கொண்டிருந்ததும் கையை விட்டுப் போய்விட்டது. முடியும் நேரம் தெரிந்தால் எவ்வளவு கனத்தையும் தூக்கலாம். எதுவரைக்கும் என்று தெரியாமல் தூக்க என்னால் தனியாக முடியவில்லை. அவர் இன்னும் பத்து வருஷம் இருக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிடுகிறேன், அதுவும் நிஜம்தான். இரண்டும் நிஜம்.

நீ வா அண்ணா. புது விடை எதுவும் கொண்டுவர வேண்டாம். காலையில் அவரை ஒரு பக்கம் நான் பிடித்தால் மறுபக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வாலு


நவம்பர் 13

வாலு,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை ஆபீஸுக்குப் போய் லீவு கேட்டேன். துறைத் தலைவர், டிசம்பரில் புதுப்பிக்கும் பேச்சு நடக்கும்போது நீங்கள் இங்கே இல்லாமல் இருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சரி என்றேன். உனக்கு மட்டும்தான் அப்பா என்று நினைத்துக்கொள்ளாதே என்று செப்டம்பரில் எழுதினேனே, அது என் மனசிலேயே குத்திக்கொண்டிருக்கிறது. நீ மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

லீவு படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள்னு போடலையே சார்" என்றார். "தெரியாதும்மா" என்றேன். "ஏதாவது ஒரு நம்பர் போடுங்க சார், அப்புறம் மாத்திக்கலாம். சும்மா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது" என்றார். பேனாவை வாங்கினேன். முப்பது என்று எழுதலாம், அறுபது என்று எழுதலாம். அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என்னால் ஒரு எண் எழுத முடியவில்லை வாலு. வெறுமனே விட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். போகும் டிக்கெட் மட்டும் போட்டிருக்கிறேன். காலையில் நான் பிடிக்கிறேன், நீ முதலில் தூங்கு, பல்லைப் பார்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. என்னைத் திட்டுவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணன்